லயத்து முகவரியும் இந்திய பான் இலக்கமும்

திருச்சியிலோ கூடலூரிலோ இருந்த சித்தப்பா காலமாகிவிட்டார், அவர் வங்கியில் போட்டுவைத்த வைப்புப் பணத்துக்கு ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருக்கிற நீங்கள்தான் வாரிசு என்று வந்தால், அங்கிருந்து வரும் முதல் சில கேள்விகளில் ஒன்று "பான் இருக்கா?" என்பதாக இருக்கும். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதிக் குடும்பம் அங்கும் பாதி இங்குமாகப் போன வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் பல வருடங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

பான் என்பது இந்திய வருமான வரித் துறை தரும் பத்து எழுத்து இலக்கம். முதலில் ஐந்து ஆங்கில எழுத்து, பிறகு நான்கு எண், கடைசியில் ஓர் எழுத்து. நான்காவது எழுத்து தனிநபருக்கு 'பி' என்று இருக்கும். ஐந்தாவது எழுத்து உங்கள் கடைசிப் பெயரின் முதல் எழுத்து. இந்த ஐந்தாவது எழுத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம்மவர்களுக்கு வரும் வில்லங்கத்தில் பாதி அதில்தான் தொடங்குகிறது.

முதலில், பான் யாருக்குத் தேவையில்லை என்பது. இந்தியாவுக்குச் சுற்றுலா போகிறவருக்கும், வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் போய் வருகிறவருக்கும் தேவையில்லை. படிக்கப் போய் அங்கே ஒரு சேமிப்புக் கணக்குத் திறக்கும் மாணவருக்கும் பெரும்பாலும் தேவைப்படாது, பான் இல்லாதவர் கொடுக்கும், நீண்டகாலமாக 60ஆம் இலக்கம் என்று அறியப்பட்ட படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும். இந்தியாவில் உங்கள் பெயருக்கு வட்டி, வாடகை, பங்குலாபம், சொத்து விற்ற பணம் என்று ஏதாவது வருமானம் வந்தால், அல்லது அங்கே பிடித்த வரியைத் திரும்பக் கேட்க வேண்டுமானால், அப்போதுதான் பான் எடுக்கும் சிரமத்துக்கு அர்த்தம் உண்டு. சும்மா 'இருக்கட்டும்' என்று எடுத்து வைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். பான் கையில் இருந்தால் இந்தியாவில் காணி வாங்கலாம் என்று நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முடியாது. இந்திய அந்நியச் செலாவணி விதிகள் பெயர் சொல்லித் தடுத்திருக்கும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அங்கே வீடோ காணியோ வாங்கவும் கைமாற்றவும் இயலாது. ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் விலக்கு. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களை இந்தத் தடை கட்டுப்படுத்தாது, ஆனாலும் அவர்களால் விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது. ஆகவே 'பான் எடுத்துத் தருகிறேன், அப்புறம் பத்திரம் முடிக்கலாம்' என்று யாராவது தரகர் சொன்னால், அந்த இரண்டாவது பாதியை அவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

எந்தப் படிவம் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் குடியுரிமை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்துக்கொண்டு இங்கே வசிப்பவர் இந்தியக் குடிமகனுக்குரிய படிவத்தில் கேட்க வேண்டும், அது நீண்டகாலமாக 49ஏ என்று பெயர்பெற்றது. இலங்கைக் குடிமகன் கேட்க வேண்டியது வெளிநாட்டுக் குடிமகனுக்குரியது, அது 49ஏஏ என்று பெயர்பெற்றது. ஓசிஐ அட்டைக்காரரும் வெளிநாட்டுக் குடிமகன்தான், அவருக்கும் இரண்டாவதுதான். தாத்தாவிடம் பழைய இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது, ஆகவே நானும் இந்தியன்தான் என்று முதலாவது படிவத்தில் கை வைக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைக் குடியுரிமை பெற்ற குடும்பங்களின் பிள்ளைகள் இலங்கைக் குடிமக்கள், அவ்வளவுதான். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால், படிவத்தின் இலக்கத்தை விட அதன் தலைப்பைப் பாருங்கள்: 'இந்தியக் குடிமகன் அல்லாத தனிநபர்' என்ற பொருளில் இருப்பதே உங்களுடையது.

யூடியூபில் 'பத்து நிமிடத்தில் இலவச பான்' என்று வருகிற காணொளிகள் ஆதார் எண், அதாவது இந்தியாவில் வசிப்பவருக்குத் தரும் அடையாள எண், வைத்திருப்பவர்களுக்கானவை. உங்களிடம் ஆதார் இல்லை, அந்த வழி அடைபட்டது. ஊரில் இருக்கிற மாமாவின் வீட்டு முகவரியைப் போட்டு, அங்கே யாரையாவது பிடித்து ஆதார் எடுத்து, இந்தியர் என்று பான் வாங்கலாம் என்பது இன்னொரு யோசனை. அது பொய் உறுதிமொழி. நாளைக்கு வங்கி உங்கள் இலங்கைக் கடவுச்சீட்டைப் பார்க்கும் நாளில் கணக்கும் முடங்கும், பணமும் முடங்கும்.

இனி பெயருக்கு வருவோம். படிவத்தில் கடைசிப் பெயர், முதற்பெயர், நடுப்பெயர் என்று மூன்று வரிசை. கடைசிப் பெயர் கட்டாயம். முதலெழுத்து மட்டும் போடுவது அந்த வரிசையில் ஏற்கப்படாது. 'பெ. முத்துலெட்சுமி' என்று எழுதிப் பழகிய நமக்கு இங்கேயே முதல் தடை. சரியான வழி இது: உங்கள் இலங்கைக் கடவுச்சீட்டைத் திறந்து, 'சர்நேம்' என்ற இடத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே கடைசிப் பெயரில் போடுங்கள், 'அதர் நேம்ஸ்' இடத்தில் இருப்பதை முதற்பெயரில் போடுங்கள். அப்பாவின் பெயர் சர்நேமாக இருந்தால் இருக்கட்டும், திருத்தப் போகாதீர்கள். பெருமாள் என்பது சர்நேம், முத்துலெட்சுமி என்பது மற்றப் பெயர் என்றால் உங்கள் பானின் ஐந்தாவது எழுத்து பெருமாளுக்குரிய 'பி'. முத்துலெட்சுமியைக் கடைசிப் பெயராக எழுதிவிட்டால் அது 'எம்' ஆகிவிடும். பிறகு பெயர் வரிசையைத் திருத்தலாம், இலக்கம் மாறாது. வங்கியில் பெயரையும் இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டி வரும். கடவுச்சீட்டில் ஒரே ஒரு பெயர்தான் என்றால் அதைக் கடைசிப் பெயர் வரிசையில் போட்டு மற்ற இரண்டையும் வெறுமையாக விடுங்கள்.

எழுத்துக்கூட்டல் அடுத்த தொல்லை. தோட்டத்தில் பிறந்தவர்களின் பெயரை அந்தக் காலத்துப் பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதினார். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று. லெட்சுமி என்ற பெயரை டி-சி-எச் போட்டு எழுதினால் ஒன்று, கே-எஸ்-எச் போட்டு எழுதினால் இன்னொன்று, கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள். விண்ணப்பத்தோடு போகும் எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும். 'வேறு பெயரால் அறியப்பட்டிருக்கிறீர்களா' என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. இந்தியாவில் உள்ள வைப்புப் பத்திரத்தில் உங்கள் பெயர் வேறு விதமாக எழுதப்பட்டிருந்தால் அங்கே 'ஆம்' என்று சொல்லி அந்த வடிவத்தையும் கொடுங்கள். அப்பாவின் பெயரும் கட்டாயம், பெண்களுக்கும்தான். கணவர் பெயரைப் போட்டுவிட்டுத் திருப்பி வாங்கியவர்கள் நிறையப் பேர். தாய் மட்டும் வளர்த்த பிள்ளைகள் தாயின் பெயரைக் கொடுக்க வழி இருக்கிறது.

கடவுச்சீட்டிலேயே பெயர் பிழை என்றால்? முதலில் இங்கே திருத்துங்கள். பான் எடுத்துவிட்டுப் பிறகு கடவுச்சீட்டைத் திருத்துவது ஒரே வேலையை இரண்டு தரம் செய்வது.

முகவரி இன்னும் கொஞ்சம் கடினம். நமது கடவுச்சீட்டின் தகவல் பக்கத்தில் முகவரியே கிடையாது. ஆகவே அது ஆளுக்குச் சான்று, வீட்டுக்குச் சான்றாகாது. வெளிநாட்டவருக்கு அவர்கள் ஏற்றுக்கொள்ளும் முகவரிச் சான்றுகளில் நமக்குக் கைகொடுப்பவை இரண்டு. ஒன்று தேசிய அடையாள அட்டை, அதன் பின்பக்கத்தில் முகவரி இருக்கிறது. மற்றது இலங்கை வங்கிக் கணக்கின் அறிக்கை. இரண்டின் பிரதியையும் இந்தியத் தூதரக அதிகாரி சான்றுபடுத்த வேண்டும். கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருப்பதால் மலையகத்தவர் இதற்காகக் கொழும்புக்கு இறங்க வேண்டியதில்லை. இந்தியாவில் பதிவான வங்கிகளின் வெளிநாட்டுக் கிளை அதிகாரிகளும் சான்றுபடுத்தலாம் என்று படிவம் சொல்கிறது. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஸ்டேட் வங்கி ஆகியவற்றுக்குக் கொழும்பில் கிளைகள் உண்டு. ஆனால் கணக்கு இல்லாதவருக்கு வங்கி முத்திரை குத்தும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

இங்கே தவறும் இடம் பழக்கம். எந்த விண்ணப்பத்துக்கும் கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கிப் பிரதேச செயலாளரிடம் ஒப்பமிட்டு, பிரதிகளைச் சமாதான நீதவானிடம் கொண்டுபோய் முத்திரை வாங்குவது நமக்கு மூச்சு விடுவது மாதிரி. பானுக்கு இந்த இரண்டும் செல்லாது. அவர்களுடைய பட்டியலில் கிராம சேவகர் இல்லை, ஜேபியும் இல்லை. பட்டியலில் இல்லாத காகிதத்தை எத்தனை முத்திரையோடு அனுப்பினாலும் குறைபாட்டுக் கடிதம்தான் திரும்பி வரும்.

லயத்து முகவரியை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு முகவரியை, எப்படி எழுதுவது? அட்டையில் தோட்டத்தின் பெயரும் ஊரும் மட்டும் இருக்கும், வீட்டு இலக்கம் இருக்காது. படிவமோ வீட்டு இலக்கம், கட்டடம், வீதி, பகுதி, நகரம் என்று தனித்தனிப் பெட்டியாகக் கேட்கும். அடையாள அட்டையில் இல்லாத ஒன்றைப் புதிதாகச் சேர்க்காமல், இருப்பதைப் பெட்டிகளுக்குப் பங்கிட்டுப் போடுங்கள்: கட்டடத்தின் இடத்தில் தோட்டப் பிரிவின் பெயர், பகுதியின் இடத்தில் தோட்டத்தின் பெயர், நகரத்தின் இடத்தில் தபாலகத்தின் பெயர். அஞ்சல் குறியீடு நமக்கு ஐந்து இலக்கம்: ஹட்டன் 22000, தலவாக்கலை 22100, நுவரெலியா 22200, கண்டி 20000, பதுளை 90000, பண்டாரவளை 90100. இந்திய பின்கோட் ஆறு இலக்கம் என்பதால் சிலர் முன்னால் ஒரு பூச்சியம் சேர்க்கிறார்கள். தேவையில்லை, நாட்டை இலங்கை என்று தெரிவு செய்தால் ஐந்து இலக்கம் போதும்.

லயத்தை விட்டு இந்திய வீடமைப்புத் திட்டத்தின் ஏழு பேர்ச்சஸ் வீட்டுக்குக் குடிபோனவர்களுக்கு வேறொரு சிக்கல். ஆள் புது வீட்டில், அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் பழைய லயத்தில். இரண்டு சான்றிலும் ஒரே முகவரி இருப்பதால் பழையதைக் கொடுத்தால் விண்ணப்பம் தப்பிவிடும், ஆனால் அட்டை பழைய பிரிவுக்குப் போகும். புது முகவரிதான் வேண்டுமென்றால் முதலில் வங்கியில் முகவரியை மாற்றி, பிறகு ஆங்கிலத்தில், கடிதத் தலைப்பில், முத்திரையோடு கணக்கறிக்கை கேளுங்கள். சேமிப்புப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி போதாது.

தோட்டத்துக்கு வரும் தபால் தோட்டத்து ஆபீசில் தங்கி, யாராவது கொண்டுவந்து தந்தால் உண்டு என்ற நிலை பல இடங்களில் இன்னும் மாறவில்லை. அதற்கு மருந்து இ-பான். மின்னஞ்சலில் வரும் அந்தப் பிடிஎஃப் கோப்பு எண்ணியல் கையொப்பம் இட்டது, பிளாஸ்டிக் அட்டைக்குச் சமமாகச் செல்லுபடியாகும். திறக்கும் கடவுச்சொல் உங்கள் பிறந்த தேதி, நாள் மாதம் வருடம் என்று எட்டு எண். ஆகவே மின்னஞ்சல் முகவரியைக் கொமினிகேஷன் கடைக்காரருடையதாகக் கொடுக்காதீர்கள். கடை மூடிப் போனால் குறைபாட்டுக் கடிதமும் போச்சு, இ-பானும் போச்சு.

விண்ணப்பத்தைப் புரோட்டியன், யூடிஐஐடிஎஸ்எல் என்ற இரண்டு நிறுவனங்களின் இணையத்தளங்களில் எதிலும் நிரப்பலாம். புரோட்டியனில் மூன்று வழி காட்டும். ஆதாரில் கையொப்பமிடும் இரண்டையும் விட்டு, ஆவணங்களைத் தபாலில் அனுப்பும் மூன்றாவதைத் தெரிவு செய்யுங்கள். உங்கள் கோப்பு எந்த வரி அதிகாரியிடம் போகும் என்பதைக் குறிக்கும் 'ஏஓ கோட்' என்ற பக்கம் பலரைப் பயமுறுத்துகிறது. அங்கே வெளிநாட்டுக் குடிமக்களுக்குரிய பொத்தானை அழுத்தினால் சர்வதேச வரிப் பிரிவு அதிகாரிகளின் பட்டியல் வரும். உங்கள் வருமானம் வரும் நகரத்துக்குரியதை எடுங்கள். சாதாரண வார்டை எடுத்துவிட்டால் பான் கிடைக்கும், ஆனால் பிறகு வரியைத் திரும்பக் கேட்கும்போது கோப்பு அங்குமிங்கும் அலையும். வருமான மூலத்தில் வங்கி வட்டி என்றால் 'பிற மூலங்கள்' என்பதைக் குறியுங்கள். நாட்டுக் குறியீடு 94, கைபேசி இலக்கத்தின் முன் பூச்சியத்தை விட்டுவிடுங்கள்.

கட்டணம் இந்திய முகவரிக்கு அட்டை அனுப்புவதானால் 107 இந்திய ரூபா, வெளிநாட்டுக்கானால் 1,017. இணையத்தில் வெளிநாட்டுக் கொடுப்பனவு செய்ய அனுமதி இல்லாத டெபிட் அட்டை இங்கே தோற்கும், முந்திய நாளே வங்கியில் அதைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். கட்டணம் போனதும் 15 இலக்க ஒப்புகை எண்ணோடு ஒரு தாள் வரும், அதை அச்சிட வேண்டும்.

அந்தத் தாளில்தான் கடைசிச் சின்னச் சின்னப் பிழைகள் எல்லாம். இரண்டு படம், நிறப்படம், 3.5 சென்ரிமீற்றர் உயரம் 2.5 அகலம். ஸ்டூடியோவில் 'பாஸ்போர்ட் சைஸ்' என்று கேட்டால் தருவது இதைவிடப் பெரிது, வெட்டினால் காதும் தலையும் போய்விடும், அளவைச் சொல்லியே எடுங்கள். பசையால் ஒட்டுங்கள், பின் அடிக்க வேண்டாம். இடப்பக்கப் படத்தின் மேல் பாதி படத்திலும் பாதி தாளிலுமாக விழும்படி கையொப்பம். வலப்பக்கப் படத்தில் மை படக்கூடாது, அதன் கீழே உள்ள பெட்டிக்குள் கோட்டைத் தொடாமல் ஒரு கையொப்பம். தமிழில் கையொப்பமிடுகிறவர் தமிழிலேயே இடலாம், கடவுச்சீட்டில் உள்ளது மாதிரி இருக்க வேண்டும். கைநாட்டு வைக்கும் பெரியவர்கள் என்றால் இடது பெருவிரல் அடையாளத்தை நீதிவான், நொத்தாரிசு அல்லது வர்த்தமானி அறிவித்தலுக்குரிய அதிகாரி முத்திரையிட்டு உறுதிப்படுத்த வேண்டும். கண்டிக்குப் பிரதிகளைக் கொண்டுபோகும்போது ஆளையும் கூட்டிக்கொண்டு போய், அங்கேயே அதையும் கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது, இரண்டு பயணம் மிச்சம்.

ஆவணங்கள் இணையத்தில் பதிந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் புனேயில் உள்ள புரோட்டியன் அலுவலகத்துக்குப் போய்ச்சேர வேண்டும். ஹட்டனிலிருந்து சாதாரணத் தபாலில் அது நடக்காது, கூரியரில் அனுப்புங்கள். இதனால்தான் ஒழுங்கு முக்கியம்: முதலில் கடவுச்சீட்டுப் பிரதிக்கும் முகவரிச் சான்றுக்கும் கண்டி முத்திரை, பிறகு படம், கடைசியில் இணையம். இணையத்தில் முதலில் பதிந்துவிட்டு அப்புறம் முத்திரைக்கு நேரம் கேட்கிறவர்களுக்கு அந்த 15 நாள் கண்டியிலேயே கழிந்துவிடும். உறையின் மேல் பான் விண்ணப்பம் என்றும் ஒப்புகை எண்ணையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். சிங்களத்தில் அல்லது தமிழில் மட்டும் இருக்கும் காகிதத்தோடு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் போக வேண்டும். பழைய லெமினேட் அடையாள அட்டைக்காரர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

குறைபாட்டுக் கடிதம் வந்தால் அதே ஒப்புகை எண்ணில் பதில் அனுப்புங்கள். அவசரப்பட்டுப் புதிய விண்ணப்பம் போடாதீர்கள். இரண்டும் தேறி இரண்டு பான் வந்துவிட்டால், ஒருவர் இரண்டு வைத்திருப்பதற்கு அபராதம் 10,000 இந்திய ரூபா.

இவ்வளவு பாடுபடுவதில் என்ன லாபம் என்றால், கணக்கு இதோ. இந்தியாவில் வசிக்காதவரின் சாதாரண ரூபாக் கணக்கில், அதாவது என்ஆர்ஓவில், வட்டிக்கு வங்கி 30 சதவீதமும் அதன் மேல் செஸ் என்ற 4 சதவீத மேல்வரியுமாக மொத்தம் 31.2 சதவீதம் வரி பிடிக்கும். அங்கே வசிப்பவருக்கு உள்ளது போல ஒரு தொகை வரை விலக்கு என்பதும் கிடையாது, முதல் ரூபாவிலிருந்தே பிடிப்பு. 2013இல் நடைமுறைக்கு வந்த இந்தியா–இலங்கை இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கையோ வட்டிக்கு 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. வருடத்துக்கு 40,000 ரூபா வட்டி என்றால் பிடிப்பு 12,480. உடன்படிக்கைப்படி 4,000. வித்தியாசம் 8,480 இந்திய ரூபா, ஒவ்வொரு வருடமும்.

அந்த 10 சதவீதம் தானாக வராது. நமது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் உங்களுக்கு வரி இலக்கம் இருக்க வேண்டும், அந்த இலக்கத்தை வைத்து 'இவர் இலங்கை வரி வதிவாளர்' என்ற சான்றிதழ் வாங்க வேண்டும், பிறகு 10எஃப் என்று அறியப்படும் படிவத்தை இந்திய வரித் தளத்தில் இணையவழி கொடுக்க வேண்டும். இரண்டு நாட்டு வரி வருடமும் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்பது நமக்கு வாய்த்த ஒரு சௌகரியம், ஒரு வருடச் சான்றிதழ் அங்கே ஒரு வருடத்துக்கு அப்படியே பொருந்தும். ஆனால் ஒவ்வொரு வருடமும் புதிதாக வாங்க வேண்டும், வங்கி வட்டி வரவு வைக்கும் முன்பே கையில் கொடுக்க வேண்டும். பிந்திவிட்டால் வங்கி 31.2ஐப் பிடித்துக் கட்டிவிடும். அதை மீட்க இந்தியாவில் வரி விவரம் தாக்கல் செய்ய வேண்டும், அதற்குப் பான் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

பான் வந்த பிறகு யாராவது 'ஆதாரோடு இணைக்காவிட்டால் முடங்கிவிடும்' என்று குறுஞ்செய்தி அனுப்புவார்கள். இந்தியக் குடிமக்கள் அல்லாதவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தளத்தில் உங்கள் பான் செயலிழந்ததாகக் காட்டினால், அங்கே வதிவிட நிலை தவறாகப் பதிந்திருக்கிறது என்று பொருள். சுயவிவரத்தில் வதியாதவர் என்று திருத்தி, கடவுச்சீட்டுப் பிரதியோடு உங்கள் ஏஓவுக்கு எழுதுங்கள்.